வென்டிலேட்டரை எடுக்கச் சம்மதிப்பது பாவமா? மருத்துவ உயில் எழுதுவது எப்படி?

சபைக்கமிட்டி (கேள்வி)

அனைவருக்கும் ஸ்தோத்திரம். லெந்து நாட்களில் எங்கள் சபையில் புதன்தோறும் ஒரு பொருளை எடுத்துப் பேசுகிறோம். இந்த முறை கடைசிக்கால சிகிச்சை. சி.எஸ்.ஐ. சபைதான், ஆனால் கத்தோலிக்கக் குடும்பங்களும் பெந்தெகொஸ்தே குடும்பங்களும் வருவார்கள். பொதுவாக "எல்லாம் ஆண்டவர் கையில்" என்று முடித்துவிடக் கூடாது, வீட்டுக்குப் போனதும் செய்யக்கூடிய மாதிரி ஏதாவது இருக்க வேண்டும் என்று எங்கள் போதகர் ஐயர் சொல்லியிருக்கிறார். மூன்று கேள்விகள்:

1. "இனி பலனில்லை" என்று டாக்டர் சொன்ன பிறகு, வென்டிலேட்டரை எடுக்கக் குடும்பம் சம்மதித்தால் அது "கொலை செய்யாதிருப்பாயாக" என்ற கட்டளையை மீறுவதாகுமா?

2. மூளைச்சாவு என்கிறார்கள். ஆனால் நெஞ்சு ஏறி இறங்குகிறது, உடம்பு சூடாக இருக்கிறது. அவரை எப்படி இறந்தவர் என்று ஏற்பது?

3. "எனக்கு இன்னின்ன சிகிச்சை வேண்டாம்" என்று முன்கூட்டியே மருத்துவ உயிலாக எழுதி வைக்க நம் நாட்டில் சட்டம் இடம் தருகிறதா? தந்தால் படிப்படியாக என்ன செய்ய வேண்டும்?

விஷயம் தெரிந்தவர்கள் விவரமாகச் சொல்லுங்கள்.

---

தீவிரசிகிச்சை

முதலாவதையும் இரண்டாவதையும் ஒரே மூச்சில் பேசாதீர்கள். கூட்டங்களில் குழப்பம் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது. வென்டிலேட்டரில் இருப்பவர்களில் மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் கேள்வியே வேறு.

முதல் வகை மூளைத்தண்டுச் சாவு. நீங்கள் கேட்ட மூளைச்சாவு இதுதான், மூளைத்தண்டு என்பது மூச்சை நடத்தும் மூளையின் அடிப்பகுதி. இந்தியச் சட்டத்தில் இது மரணம்தான். 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டம் அப்படித்தான் வரையறுக்கிறது. நான்கு மருத்துவர்கள் கையெழுத்திட வேண்டும்: மருத்துவமனைப் பொறுப்பாளர், பட்டியலில் உள்ள வெளி நிபுணர் ஒருவர், நரம்பியல் மருத்துவர் அல்லது நரம்பு அறுவை நிபுணர் (அவர் கிடைக்காவிட்டால் மயக்கவியல் அல்லது தீவிர சிகிச்சை நிபுணர்), சிகிச்சை தரும் மருத்துவர். சோதனைகளை இரண்டு முறை செய்ய வேண்டும், இடையில் குறைந்தது 6 மணி நேரம் விட வேண்டும். கண்மணியில் வெளிச்சம் அடித்தால் சுருங்குகிறதா, கருவிழியைப் பஞ்சால் தொட்டால் இமை மூடுகிறதா, காதில் குளிர்ந்த நீர் விட்டால் கண் அசைகிறதா, குழாயை உள்ளே விட்டு உறிஞ்சும்போது இருமல் வருகிறதா என்று வரிசையாகப் பார்ப்பார்கள்.

கடைசியாக வருவது மூச்சுச் சோதனை. நோயாளிக்கு முழு ஆக்சிஜன் கொடுத்துவிட்டு வென்டிலேட்டரைக் கழற்றி, குழாய் வழியே ஆக்சிஜனை மட்டும் ஓடவிட்டு 8 முதல் 10 நிமிடம் நெஞ்சையும் வயிற்றையும் துணி மறைக்காமல் கவனிப்பார்கள். இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தம் 60 மி.மீ. பாதரசத்தைத் தாண்டினால், மூளைத்தண்டில் உயிர் துளி இருந்தாலும் மூச்சு இழுத்தே தீரும். அந்த அளவைத் தாண்டியும் அசைவே இல்லை என்றால் தண்டு செத்துவிட்டது என்று பொருள். இதற்கு முன் உடல் குளிர்ந்து போயிருக்கவில்லை, தூக்க மருந்தின் மிச்சம் இல்லை, தசைத் தளர்ச்சி மருந்து ஓடவில்லை என்று உறுதி செய்திருக்க வேண்டும். குடும்பத்தார் தயங்காமல் கேட்கலாம்: "மயக்க மருந்தை நிறுத்தி எவ்வளவு நேரம் ஆச்சு?"

இதயம் துடிப்பதற்குக் காரணம், அதன் மின்துடிப்பு அதற்குள்ளேயே பிறக்கிறது, மூளையைக் கேட்டு அல்ல. ஆக்சிஜன் கிடைக்கும் வரை ஓடும். நெஞ்சு ஏறி இறங்குவது இயந்திரம் தள்ளும் காற்று. இன்னொன்றையும் கூட்டத்தில் சொல்லிவிடுங்கள். மூளைச்சாவுக்குப் பிறகும் முதுகுத்தண்டு அனிச்சையாக வேலை செய்யலாம். கை இரண்டும் மெல்ல உயர்ந்து மார்பின்மேல் குறுக்காக விழுவதுகூட உண்டு. மருத்துவ நூல்களில் இதற்கு "லாசரு அடையாளம்" என்றே பெயர். முன்பே சொல்லாமல் விட்டால், ஐ.சி.யு. வாசலில் ஜெபித்துக்கொண்டிருக்கும் குடும்பம் இதைப் பார்த்து என்ன நினைக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

இரண்டாவது வகை, நீண்டகால உணர்விழப்பு. தண்டு உயிரோடு இருக்கிறது. தானாக மூச்சு விடுவார்கள், கண் திறப்பார்கள், உணர்வு மட்டும் திரும்பவில்லை. மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் 1973 முதல் 2015 வரை படுக்கையில் இருந்த செவிலியர் அருணா ஷான்பாக் இந்த வகை. அவருக்கு மூளைச்சாவும் இல்லை, வென்டிலேட்டரும் இல்லை. "அவங்களே 42 வருஷம் இருந்தாங்களே" என்று மூளைச்சாவு விவாதத்தில் அவரை இழுப்பது தவறு.

மூன்றாவதுதான் நம் ஊரில் அன்றாடம் வருவது. பரவிய புற்றுநோய், முற்றிய நுரையீரல் நோய், 80 வயதுக்கு மேல் பல உறுப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழப்பது. இவர் இறக்கவில்லை, இறந்துகொண்டிருக்கிறார். உங்கள் முதல் கேள்வி இவருக்குத்தான் பொருந்தும்.

இங்கே மருத்துவர்கள் கையாளும் ஒரு முறை இருக்கிறது, குடும்பமே கேட்டு வாங்கலாம்: காலக்கெடு வைத்த சிகிச்சை. வென்டிலேட்டர் போடும் முன்பே, "3 நாள் அல்லது 5 நாள் முழு முயற்சி செய்வோம். அதற்குள் இரத்த அழுத்தத்துக்கு ஓடும் நார்அட்ரினலின் அளவு குறைய வேண்டும், சிறுநீர் திரும்ப வேண்டும், ஆக்சிஜன் தேவை இறங்க வேண்டும். மூன்றும் எதிர்த்திசையில் போனால் மறுபடி உட்கார்ந்து பேசுவோம்" என்று பேசி, கேஸ் ஷீட்டில் எழுத வைப்பது. இது இல்லாதபோது என்ன நடக்கிறது? முதல் நாள் யாருக்கும் யோசிக்க நேரமில்லை. பத்தாம் நாள் கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்கக் கையெழுத்து கேட்பார்கள். அதற்குள் செய்வதை நிறுத்துவதே குற்றம் போலத் தோன்ற ஆரம்பித்துவிடும்.

---

அறநெறிவகுப்பு

கத்தோலிக்கத் தரப்பைச் சொல்கிறேன். நம் மக்களில் பலர் திருச்சபை "கடைசி மூச்சு வரை எல்லாக் கருவியும் வேண்டும்" என்கிறது என்று நினைக்கிறார்கள். அப்படி ஒருபோதும் கற்பித்ததில்லை.

16ஆம் நூற்றாண்டில் சாலமான்கா பல்கலைக்கழகத்தில் போதித்த தொமினிக்கன் குரு பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா, நோயாளி உயிர் பிழைக்க எதையெல்லாம் செய்யக் கடமைப்பட்டவன் என்று கேட்டு விடை சொன்னார். சாதாரண உணவு உண்ணக் கடமை உண்டு. வைத்தியர் சொன்னார் என்பதற்காக விலையுயர்ந்த கோழியும் கௌதாரியும் வாங்கித் தின்னக் கடமை இல்லை. பிறகு வந்தவை எல்லாம் இந்த வேரில் கிளைத்தவைதான். 1957 நவம்பர் 24 அன்று மயக்கவியல் மருத்துவர்களிடம் பேசிய திருத்தந்தை (போப்) பன்னிரண்டாம் பத்திநாதர், செயற்கைச் சுவாசக் கருவியைப் பற்றியே கேட்கப்பட்ட கேள்விக்கு, சாதாரண வழிகளைக் கையாளத்தான் கடமை உண்டு, தனக்கோ பிறருக்கோ பெரும் சுமையாகும் வழிகளுக்கு இல்லை என்றார். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2278ஆம் பத்தி இன்னும் தெளிவு. சுமையான, ஆபத்தான, எதிர்பார்க்கும் பயனுக்குப் பொருத்தமில்லாத சிகிச்சையை நிறுத்துவது முறையானதாக இருக்கலாம் என்கிறது. அப்போது நாம் சாவை விரும்பவில்லை, தடுக்க முடியாததை ஏற்கிறோம்.

நடைமுறையில் இதைக் கேள்விகளாக்கினால் வகுப்பில் எளிதாக இருக்கும். இந்தச் சிகிச்சை நோயாளியை எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கும் என்று மருத்துவர் நம்புகிறார்? அதற்காக அவர் படும் வேதனை என்ன? அவருக்குப் பேச முடிந்தால் என்ன சொல்லியிருப்பார்? குடும்பத்தால் தாங்க முடியுமா?

கடைசிக் கேள்வியைக் கேட்கவே நம்மவர்கள் கூசுகிறார்கள். "அப்பாவோட உயிருக்கு விலை பேசுறியா?" என்று அண்ணன் தம்பிக்குள் வாய் வந்துவிடும். 1980இல் வத்திக்கானின் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயம் வெளியிட்ட அறிக்கை, குடும்பத்தின் மேலோ சமூகத்தின் மேலோ அளவுமீறிய செலவைச் சுமத்த வேண்டாம் என்ற விருப்பத்தை ஒரு நியாயமான காரணமாக வெளிப்படையாகவே சொல்கிறது. பலன் இல்லாத மூன்று வாரத்துக்காக வீட்டை அடமானம் வைப்பது புண்ணியக் கணக்கில் சேராது. ஆனால் இதைத் திருப்பிப் போட்டு, பலன் தரும் சிகிச்சையைச் செலவுக்குப் பயந்து மறுப்பதற்கு அந்த வரியைச் சாட்சிக்கு அழைக்க முடியாது. அப்படிப்பட்ட நிலையில் சபை செய்ய வேண்டியது அறிவுரை அல்ல, பண உதவி. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. தகுதி இருந்தும் அட்டை எடுக்காத குடும்பங்கள் உங்கள் சபையில் இருக்கின்றனவா என்று பாருங்கள், அதுவும் இந்தப் பாடத்தில் சேரும்.

எல்லை எங்கே? உயிரை எடுக்கும் நோக்கத்தோடு ஊசி போடுவது வேறு காரியம். அது எங்கள் போதனையிலும் இல்லை, இந்தியச் சட்டத்திலும் இல்லை.

மூளைச்சாவு பற்றி: 2000 ஆகஸ்ட் 29 அன்று ரோமில் உறுப்பு மாற்று மருத்துவர்களின் மாநாட்டில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மூளையின் முழு, மீளாச் செயலிழப்பை முறையாகச் சோதித்து உறுதிசெய்தால் அதை மரணத்தின் அடையாளமாக ஏற்பதற்குத் தடையில்லை என்றார். உறுப்பு தானத்தைப் பாவம் என்று யாராவது சொன்னால் அது கத்தோலிக்கப் போதனை அல்ல. சில கத்தோலிக்க அறிஞர்கள் இன்றும் அந்தச் சோதனைகள் போதுமா என்று எதிர்வாதம் செய்கிறார்கள். அதை மறைக்க வேண்டியதில்லை, ஆனால் அது சிறுபான்மைக் கருத்து.

---

எழுப்புதல்வாசகன்

பெந்தெகொஸ்தே குடும்பங்களும் வருவார்கள் என்று எழுதியிருப்பதால் அந்தப் பக்கத்தையும் சொல்ல வேண்டும். "மெஷினை எடுக்கச் சம்மதிச்சா விசுவாசம் இல்லைன்னு ஆயிடும், ஆண்டவர் அற்புதம் செய்ய இடம் விடலைன்னு ஆயிடும்" என்பதுதான் அங்கே உள்ள பெரிய பயம். பாஸ்டர் வாயிலிருந்தே இது வரும்போது மகள் எப்படிக் கையெழுத்துப் போடுவாள்?

வேதத்தை வைத்தே பேசலாம். எசேக்கியா ராஜா மரணத்துக்கேதுவாக வியாதிப்பட்டபோது கண்ணீரோடு ஜெபித்தார், 15 வருஷம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. அதே அதிகாரத்தில் அத்திப்பழத்து அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார் ஏசாயா. ஜெபமும் மருந்தும் சண்டை போடவில்லை. தாவீது பிள்ளைக்காக உபவாசித்துத் தரையிலே கிடந்தார், பிள்ளை செத்தது என்று அறிந்ததும் எழுந்து ஸ்நானம்பண்ணி, ஆலயத்துக்குப் போய்ப் பணிந்துகொண்டு, பிறகு சாப்பிட்டார். அவருக்கு விசுவாசம் குறைந்து போயிற்று என்று யாரும் பிரசங்கம் செய்வதில்லை.

கர்த்தர் சுகமாக்க நினைத்தால் அவருக்கு வென்டிலேட்டர் தேவையா என்று கேட்டுப் பாருங்கள், சபை அமைதியாகிவிடும். லாசரு நாலு நாள் கல்லறையில் இருந்தவன். ஆகவே மெஷினை எடுப்பது தேவனுடைய கையைக் கட்டிப்போடுவது ஆகாது. எடுத்த பிறகும் ஜெபிக்கலாம், எண்ணெய் பூசலாம், யாக்கோபு 5:14 அப்படியே நிற்கிறது.

ஆனாலும் ஐ.சி.யு. வாசலில் ஜெபிக்கும் குடும்பம் என்ன நினைக்கும் என்று மேலே டாக்டர் எழுதியதை மட்டும் நான் அப்படியே விழுங்க மாட்டேன். குடும்பங்களுக்கு வெறும் மூடநம்பிக்கை என்று நினைக்காதீர்கள். பில் தொகையைப் பார்த்து மருத்துவமனை மேல் சந்தேகம், முதல் நாள் "தேறிடுவார்" என்று ஒரு டாக்டர், மறுநாள் "வாய்ப்பில்லை" என்று இன்னொருவர். "அற்புதம் நடக்கும்" என்று பிடிவாதம் பிடிப்பவரில் பாதிப் பேர் உண்மையில் "உங்களை நான் நம்பவில்லை" என்கிறார்கள். அவருக்கு வசனம் சொல்லிப் பயனில்லை. ஒரே டாக்டர், ஒரே நேரம், தினமும் பத்து நிமிடம் உட்கார்ந்து பேச வேண்டும். வெளியிலிருந்து இரண்டாவது கருத்து வாங்க உதவ வேண்டும்.

---

நோட்டரிமேசை

மூன்றாம் கேள்விக்கு வருகிறேன். சட்டம் இடம் தருகிறது, ஆனால் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அல்ல. 2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியத்தோடு சாகும் உரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவுக்குள் வரும் என்றது. அப்போது வகுத்த நடைமுறை யாராலும் பின்பற்ற முடியாத அளவுக்குச் சிக்கல், உயிலில் மாஜிஸ்திரேட்டே மேலொப்பம் போட வேண்டியிருந்தது. 2023 ஜனவரி 24 அன்று அதை எளிமையாக்கினார்கள். இப்போதைய நிலை:

18 வயது நிறைந்த, சுயநினைவோடு இருக்கும் யாரும் எழுதலாம். எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்து, பிறகு நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி சான்றொப்பம். சாட்சிகள் முடிந்தவரை வெளியாட்களாக இருக்க வேண்டும் என்கிறது தீர்ப்பு. சபை மூப்பர் ஒருவரும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் போதும். சொத்துக்கு வாரிசாகப் போகிறவரைச் சாட்சியாக்காதீர்கள், பிறகு கேள்வி எழும். ஸ்டாம்ப் பேப்பர் என்ற நிபந்தனை தீர்ப்பில் இல்லை, பழக்கத்தில் கேட்பார்கள், வாங்கிக்கொள்ளுங்கள். பதிவு அலுவலகத்துக்குப் போக வேண்டியதில்லை.

உங்களால் பேச முடியாத நிலையில் உங்களுக்காகப் பேசப்போகிறவர்களின் பெயர் இருக்க வேண்டும். இப்போது ஒருவருக்கு மேல் போடலாம். இரண்டு பேர் போடுங்கள், ஒருவராவது உள்ளூரில் இருக்கட்டும்.

பிரதிகள் யாருக்கு? பெயர் குறிப்பிட்டவர்களுக்கு ஒன்று, குடும்ப மருத்துவர் இருந்தால் அவருக்கு ஒன்று, உங்கள் மாநகராட்சி, நகராட்சி அல்லது ஊராட்சியில் இதற்கென நியமிக்கப்பட்ட அலுவலருக்கு ஒன்று. அப்படி ஒருவர் நியமிக்கப்படவே இல்லை என்று கவுண்டரில் கை விரித்தால், ஆணையர் அல்லது செயல் அலுவலர் பெயருக்கு ஒப்புகைச் சீட்டுடன் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

நடைமுறைக்கு வரும் நாளில்: சிகிச்சை தரும் மருத்துவர், அந்தத் துறையில் குறைந்தது 5 ஆண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்கள் சேர்ந்த முதல் குழு, முடிந்தவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்லும். பிறகு, மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் ஒரு மருத்துவரும் முதல் குழுவில் இல்லாத இரண்டு நிபுணர்களும் சேர்ந்த இரண்டாம் குழு அதைச் சரிபார்க்கும். இரண்டும் ஒத்துப்போனால் மருத்துவமனை முதல் வகுப்பு நீதித்துறை மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் கொடுத்துவிட்டு நிறைவேற்றும். தகவல் மட்டும்தான், அவர் அனுமதி தேவையில்லை. இரண்டாம் குழு மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். உயில் எழுதாதவருக்கும் இதே இரண்டு குழுக்கள்தான், குடும்பத்தின் சம்மதத்தோடு.

இனி, எங்கே சொதப்புகிறது.

வாசகத்தில்தான் முதல் சொதப்பல். "செயற்கையாக என் உயிரை நீட்டிக்க வேண்டாம், ஆண்டவர் சித்தப்படி ஆகட்டும்" என்று எழுதிக் கொண்டுவருகிறார்கள். பக்தியாக இருக்கிறது, மருத்துவக் குழுவுக்கு எதுவும் புரியாது. தெளிவில்லாத வாசகத்தைச் செயல்படுத்த வேண்டாம் என்று தீர்ப்பே சொல்கிறது. எழுத வேண்டிய விதம் இது:

"குணப்படுத்த முடியாத, முற்றிய நோய்நிலையில் நான் இருக்கிறேன் என்றும் மீள வாய்ப்பில்லை என்றும் மருத்துவக் குழு முடிவு செய்து, நானே முடிவெடுக்க இயலாத நிலையில் இருந்தால்: வென்டிலேட்டர், டயாலிசிஸ், இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி மீட்கும் முயற்சி ஆகியவற்றைத் தொடங்க வேண்டாம், தொடங்கியிருந்தால் நிறுத்துங்கள். வலி, மூச்சுத்திணறல், பதற்றம் ஆகியவற்றுக்கான மருந்து எந்நேரமும் தொடரட்டும். என் சபைப் போதகரை அழைத்துத் திருவிருந்து கொடுக்கச் செய்யுங்கள்."

கத்தோலிக்கர் என்றால் கடைசி வரியில் நோயில்பூசுதல் என்று எழுதிக்கொள்ளலாம். உணவுக் குழாய் பற்றித் தனி வரி எழுதுங்கள், வேண்டும் என்றாலும் வேண்டாம் என்றாலும். சண்டை வருவது அங்கேதான்.

அடுத்தது பீரோ. உயிலைச் சொத்துப் பத்திரத்தோடு பூட்டி வைப்பார்கள், அடக்க ஆராதனை முடிந்த பிறகுதான் வெளியே வரும். நகலைக் கைபேசியில் படமாக எடுத்து, பெயர் குறிப்பிட்ட இருவருக்கும் அனுப்பி வையுங்கள்.

மனம் மாறினால் எந்த நேரமும் எழுத்தில் ரத்து செய்யலாம், மாற்றி எழுதலாம். ஒன்றுக்கு மேல் இருந்தால் கடைசியாகக் கையெழுத்திட்டதே செல்லும். உறுப்பு தான விருப்பத்தை இதோடு கலக்காதீர்கள், அதற்குப் படிவம் 7 தனி. எப்படியும் அந்த நேரத்தில் குடும்பத்திடம் படிவம் 8இல் சம்மதம் கேட்பார்கள், ஆகவே வீட்டில் வாய்விட்டுச் சொல்லி வைப்பது முக்கியம்.

இன்னொன்று, இதை ஐயர் பிரசங்கத்திலேயே சொல்லலாம். மேலே சொன்ன குழு நடைமுறைக்குப் போகாமல், "டாக்டர் சொல்லைக் கேட்காமல் அழைத்துச் செல்கிறோம்" என்ற தாளில் கையெழுத்து வாங்கி அனுப்புவது நம் ஊரில் பரவலான வழக்கம். டாக்டரே "வீட்டுக்குக் கொண்டுபோங்க" என்று சொல்லியிருப்பார், தாளில் எழுதியிருப்பது நேர் எதிர். ஆம்புலன்ஸில் ஒருவர் கைப்பம்பை அழுத்திக்கொண்டே வருவார், வீட்டு வாசலில் குழாயை உருவுவார். வலிக்கு மருந்து கிடையாது, மூச்சுத்திணறலுக்கு மருந்து கிடையாது. வென்டிலேட்டரை எடுப்பது பாவமா என்று கவலைப்படுகிற சபை, பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக என்ற கட்டளையை இந்தத் தாளில் கவனிப்பதே இல்லை.

---

சபைக்கமிட்டி

மிகுந்த நன்றி. உணவுக் குழாய் பற்றிச் சொன்னதால் கேட்கிறேன். "பசியோட அனுப்பிட்டோமே" என்ற பேச்சுதான் எங்கள் பக்கம் அதிகம். அப்புறம் மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்கள் என்ற பயம். இரண்டுக்கும் யாராவது சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை வரும்வரை வென்டிலேட்டரில் வைத்திருக்கலாமா என்பதும் அடிக்கடி வரும் கேள்வி.

---

வலிநிவாரணத்தாதி

உணவை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உடல் முடிவை நெருங்கும்போது பசி தானாக அடங்கும். சாப்பிடாததால் சாகவில்லை, சாகப்போவதால் சாப்பிடவில்லை. கடைசி நாட்களில் மூக்குக் குழாய் வழியே 200 மி.லி. கஞ்சியை விட்டால் வயிறு அதை நகர்த்தாது. மேலே எதிர்த்து வந்து நுரையீரலுக்குள் இறங்கும், காய்ச்சலும் இழுப்பும் வரும். குளுக்கோஸ் பாட்டில் ஏற்றிக்கொண்டே இருந்தால் கால் வீங்கும், தொண்டையில் சளி கூடி "கர்கர்" சத்தம் அதிகமாகும். வீட்டார் அந்தச் சத்தத்தைத்தான் பெரிய வேதனை என்று நினைக்கிறார்கள்.

கொடுக்க வேண்டியது வாய்ப் பராமரிப்பு. சுத்தமான மெல்லிய துணியை நீரில் நனைத்துப் பிழிந்து, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உதடு, ஈறு, நாக்கு எல்லாம் ஈரமாக்குங்கள். விழுங்க முடிகிறவரை தலையை உயர்த்திக் கரண்டியில் ஓரிரு துளி இளநீர். உதட்டுக்கு வாசலின். தாகம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் வாய் வறட்சி. சளிச் சத்தத்துக்கு ஒருக்களித்துப் படுக்க வைத்தாலே பாதி குறையும். மீதிக்குச் சளி சுரப்பை அடக்கும் ஊசி இருக்கிறது, கேளுங்கள். உறிஞ்சும் குழாயை ஆழமாக விட்டுத் துன்புறுத்த வேண்டாம்.

ஆனால் இரண்டாவது வகை நோயாளிக்கு, அதாவது சாகும் தறுவாயில் இல்லாமல் உணர்வின்றி இருப்பவருக்கு, இது பொருந்தாது. அவருக்குக் குழாய் உணவு செரிக்கிறது, உடலைத் தாங்குகிறது. அதனால்தான் 2007இல் கத்தோலிக்கத் தலைமையிடமான ரோம் தந்த விளக்கம், உணவும் நீரும் உடலுக்குப் பயன்படும்வரை கொடுப்பது கடமை என்றது. சீர்திருத்தச் சபைகளில் இதில் ஒரே கருத்து இல்லை.

மார்ஃபின்: மாத்திரையாகக் குறைந்த அளவில் தொடங்குவார்கள், வயதானவர்களுக்குப் பெரும்பாலும் 2.5 அல்லது 5 மில்லிகிராம், 4 மணி நேரத்துக்கு ஒருமுறை. வலி அடங்கும்வரை படிப்படியாகக் கூட்டுவார்கள். இப்படி அளந்து கொடுக்கும்போது ஆயுளைக் குறைப்பதில்லை. மூச்சுத்திணறலுக்கும் இதுவே மருந்து. ஆபத்து வருவது திடீரென்று அதிக அளவு கொடுத்தால், அல்லது சிறுநீரகம் பழுதானவருக்கு அளவைக் குறைக்காமல் விட்டால். மருந்து உடம்பில் தங்கிச் சேர்ந்துகொண்டே போகும், தூக்கம் கூடும், கை கால் வெட்டி இழுக்கும். அப்படிக் கண்டால் அடுத்த வேளையைக் கொடுக்காமல் மருத்துவரை அழையுங்கள். மலச்சிக்கல் நிச்சயம் வரும், ஆகவே முதல் நாளே மலமிளக்கியும் சேர்த்து வாங்குங்கள். இதை மறந்துவிட்டு, நாலாம் நாள் வயிற்று வலி தாங்காமல் மார்ஃபினையே நிறுத்திவிடுகிறார்கள்.

ஒருவேளை ஆயுள் சற்றுக் குறைந்தாலும் என்ன என்று 1957லேயே கேட்டிருக்கிறார்கள். நோக்கம் வலியைத் தணிப்பது, வேறு வழியில்லை என்றால் கொடுக்கலாம் என்பதே அதே பன்னிரண்டாம் பத்திநாதரின் பதில். மார்ஃபின் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது. போதைமருந்துச் சட்டத்தின் 2014 திருத்தத்துக்குப் பிறகு அங்கீகரிக்கப்பட்ட மருத்துவ நிறுவனங்கள் இருப்பு வைத்துக்கொள்ளலாம். உங்கள் மாவட்ட அரசு மருத்துவமனையின் வலிநிவாரணப் பிரிவில் முன்கூட்டியே விசாரித்து வையுங்கள், சனிக்கிழமை இரவு தேடினால் அகப்படாது.

---

தீவிரசிகிச்சை

வெளிநாட்டுப் பிள்ளை கேள்விக்கு. ஒன்றிரண்டு நாள் காத்திருப்பதில் அறநெறிச் சிக்கல் எதையும் நான் பார்க்கவில்லை, விடைபெறுவதும் குடும்பத்தின் தேவைதான். ஆனால் காத்திருக்கும் நாளில் என்ன செய்யப் போகிறோம் என்பதை எழுதி வைக்க வேண்டும். இருக்கும் கருவி தொடரும். புதிதாக டயாலிசிஸ் இல்லை, தினமும் கையைக் குத்தி இரத்தச் சோதனை இல்லை, இதயம் நின்றால் நெஞ்சை அழுத்துவதில்லை. கடைசியதற்கு ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2020இல் வெளியிட்ட நெறிமுறை இருக்கிறது. சொல்லாமல் விட்டால் இரவுப் பணி டாக்டர் விலா எலும்பு முறியும்வரை அழுத்துவார், அது அவர் தவறல்ல. பிள்ளைக்கு டிக்கெட் கிடைக்க ஒரு வாரம் ஆகும் என்றால் வீடியோவில் பேசச் சொல்லுங்கள்.

எடுக்கும் நாளைப் பற்றியும் குடும்பம் தெரிந்துகொள்ளட்டும். தசைத் தளர்ச்சி மருந்து ஓடினால் முதலில் அதை நிறுத்தி, அதன் பாதிப்பு முழுதும் விலகியதை உறுதி செய்ய வேண்டும். இல்லாவிட்டால் நோயாளி திணறுவதே வெளியே தெரியாது. குழாயை எடுக்கும் முன்பே மார்ஃபினும் மிடசோலம் என்ற தூக்க மருந்தும் கொடுத்து அமைதியாக்குவார்கள். அலாரங்களை அணைப்பார்கள். மானிட்டர் திரையை அணைக்கச் சொல்லலாம், இல்லையென்றால் எல்லோர் கண்ணும் முகத்தை விட்டு எண்ணில்தான் நிற்கும். போதகரோ பங்குத்தந்தையோ குழாயை எடுக்கும் முன் ஜெபித்து முடிப்பது நல்லது, பிறகு எவ்வளவு நேரம் என்று யாராலும் சொல்ல முடியாது. சில நிமிடத்திலும் ஆகலாம், இரண்டு நாளும் ஆகலாம். அந்த இரண்டு நாளும் மருந்து யார் பார்த்துக் கொடுப்பார்கள், எந்த வார்டு, இரவில் யாரைக் கூப்பிடுவது என்று கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு வாங்குங்கள்.